வாப்பாவின் ஈரிழைத் துண்டு

கடற்கரை அணுமின் நிலையத்தில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த முதல் வேலை, குழாய்களின் பின்னால் நடப்பது. கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். ஒரு குழாய் எங்கே புறப்படுகிறது, எந்தச் சுவருக்குள் நுழைகிறது, எந்த வால்வு அதை மறிக்கிறது, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கூடவே நடந்து கண்டுபிடிக்க வேண்டும். ஏணியில் ஏறி, குனிந்து, சில இடங்களில் தலையை முட்டிக்கொண்டு நடந்தேன். கூடச் சேர்ந்த பையன்கள் இதைத் தண்டனை என்று புலம்பினார்கள். எனக்கோ, கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் பதிக்கக் குழி தோண்டினால், வேலை முடியும்வரை விளிம்பில் நின்று ஆட்களின் உயிரை எடுப்பேன். உம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இந்தப் புள்ள வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியாங்களேன்" என்று வாப்பாவிடம் சொல்வாள். வாப்பாவுக்கு வண்ணார்பேட்டையில் சின்ன ரெடிமேட் கடை. "கடையில பூட்டு ஸ்டாக் இல்ல" என்பார்.

வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "பொம்பளப் புள்ளைய அங்கனயா அனுப்புதிய? கதிரு பட்டா நாளைக்குப் புள்ள பெறக்காதாமே, எவன் கெட்டுவான்?" என்று மாமி வீடேறி வந்து கேட்டாள். நான் பொரிந்து தள்ளுவதற்குள் வாப்பா கையமர்த்தினார். "தெனமும் ஷட்டரத் தூக்கி எனக்கு முதுகு புடிச்சிக் கெடக்கு. அதுக்காகக் கடையை மூடிட்டா இருக்கேன்? அவ படிச்ச புள்ள, அவளுக்குத் தெரியும்" என்றார். மாமி டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். அன்றைக்கு வாப்பாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பயிற்சியில் என் வாயோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் ஒரு வேலையைச் சொன்னால் தலையாட்டக் கூடாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் கேட்டுவிட்டுச் "சரி" என்பார். அந்தச் "சரி" வரும்வரை கை எதையும் தொடக் கூடாது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் இந்தப் பழக்கமும் கூடவே பஸ் ஏறி வந்துவிடும். "ஏட்டி, அடுப்பை அணை" என்பாள் உம்மா. "அடுப்பை அணைக்கேன்" என்று சொல்லிவிட்டு நிற்பேன். "நின்னுக்கிட்டு என்னட்டி பாக்கே? கறி தீயுது!" உம்மாவுக்கு எரிச்சலாக வரும். வாப்பாவுக்கோ இது பெரிய விளையாட்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே "சரி!" என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் அணைப்பேன்.

நான் தங்கியிருந்தது பிளாண்ட் பக்கத்து ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து எல்லாரும் ஒரே சகனில் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சகன் என்றால் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற பெரிய தட்டு. அண்ணன் சவூதிக்குப் போன பிறகு நாங்கள் மூன்று பேர்தான். வெள்ளிக்கிழமை எனக்கு வர முடியாது என்று தெரிந்ததும், வாப்பா அந்தச் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும். ஈரல் என்றால் வாப்பாவுக்கு உயிர். ஆனாலும் தன் பக்கம் வந்த ஈரலைச் சோற்றோடு சோறாக என் பக்கம் நகர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பார். திங்கள்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். வழியெல்லாம் நான் குழாய்க் கதை சொல்ல, அவர் "ம்... பெறவு?" என்று கேட்டுக்கொண்டு ஓட்டுவார்.

அந்தக் கோடையில் வாப்பா மெலிந்துகொண்டே போனார். சட்டை தோளில் தொங்கியது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் வியர்த்துக் கொட்டும். தோளில் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு, கழுத்தைத் துடைத்தபடியே இருப்பார். டீ கிளாஸைப் பிடித்தால் விரல் நடுங்கியது. சும்மா ஒன்றுக்கெல்லாம் கோபம் வேறு. ஊரே போனில் துணி வாங்கும் காலத்தில் கடைக்கு யார் வருகிறார்கள், அந்தக் கவலைதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சரக்கு எடுக்க மதுரைக்கு அடிக்கடி போய் வருவதாக உம்மா சொன்னாள். அதையும் நம்பினேன்.

அப்படி ஒரு மதுரைப் பயணம் முடிந்து வந்த வாரம், நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சகனைக் காணோம். எனக்கு ஒரு தட்டு, உம்மாவுக்கு ஒரு தட்டு. வாப்பா தன் தட்டோடு மாடிப்படியோரம் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். படுக்கையையும் மாடி அறைக்குக் கொண்டுபோயிருந்தார்.

"என்ன வாப்பா, அங்கன போய் உக்காந்திட்டிய?" என்று பக்கத்தில் போனேன்.

கையை நீட்டித் தடுத்தார். "அங்கனயே நில்லு. நீ அந்த எடத்துலேருந்து வாறவ. கதிரு கிதிருன்னு என்னெல்லாமோ சொல்லுதாவ. கொஞ்ச நாளைக்கு எட்டியே இரு."

முதலில் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாப்பா, ஒவ்வொரு தடவையும் மிஷின் முன்னால நிப்பாட்டிப் பாத்துட்டுத்தான் எங்கள வெளிய விடுதாங்க. தூசி இருந்தாக்கூட மணி அடிச்சிரும். நானே ஒங்களுக்கு எத்தன தடவை சொல்லியிருக்கேன்!"

"மிஷினுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமி சொன்னதாக இருந்தால் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். வாப்பா சொன்னால் என்ன செய்வது? சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டில் ஈரல் இருந்தது, ஆனால் ருசி தெரியவில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டர் வெளியே வரவில்லை. "ஆட்டோ சொல்லியிருக்கேன், அதுல போ" என்று மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

அந்த வாரம் குழாய்கள் என் கண்ணில் படவே இல்லை. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதாகக் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊர் என்ன சொன்னாலும் வாப்பா என் பக்கம் என்ற தைரியத்தில்தான் அந்த வேலைக்கே வந்தேன். அவருக்கே என்னைத் தொடக் கூச்சம் என்றால் இந்த வேலை எனக்கு எதற்கு? அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேலையை விடுவதை நினைத்தால் அழுகை வந்தது, வாப்பாவை நினைத்தால் அதைவிட அதிகமாக வந்தது.

அடுத்த ஞாயிறும் அதே தனித் தட்டுகள். அதே மாடிப்படி.

எனக்குப் பொறுக்கவில்லை. என் தட்டை அப்படியே வைத்துவிட்டு நேராகப் போய் வாப்பா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "பிஸ்மில்லா" என்று சொல்லி அவர் தட்டில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன்.

"ஏ புள்ள! எடுக்காதே! துப்பு, துப்பு!" வாப்பா பதறி எழுந்தார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. தட்டைத் தூக்கிய வேகத்தில் சோறு படியெல்லாம் சிதறியது.

"என்ன ஆயிரும் இப்ப?" என்று நானும் கத்தினேன். அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் கையையும் வாயையும் அழுத்தித் துடைத்தேன். "என் கதிரெல்லாம் ஒங்க தட்டுல ஒட்டிக்கிட்டு. இந்தத் துண்டுலயும் ஒட்டிக்கிட்டு. இதை நானே எடுத்துட்டுப் போறேன். போதுமா?"

துண்டை என் பையில் திணித்துக்கொண்டேன். வாப்பா வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மேலே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். உம்மா சிதறிய சோற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லித் தொலைங்கன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். வேலையை விடச் சொல்லித் தொலைங்கள் என்று உம்மா சொல்லியிருக்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டு அவளோடும் பேசாமல் இருந்தேன்.

திங்கள்கிழமை காலை, பையோடு பிளாண்ட் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே கதவு நிலை மாதிரி ஒரு மிஷின் உண்டு. போகும்போதும் வரும்போதும் அதன் நடுவே நடக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். பச்சையைத் தவிர வேறு நிறம் அதில் உண்டு என்பதையே நாங்கள் மறந்திருந்தோம். அன்றைக்கு நான் கால் வைத்ததும் சிவப்பு எரிந்து மணி அலறியது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் தாங்களாகவே இரண்டடி தள்ளி நின்றார்கள்.

கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். களக்காட்டுக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. வகுப்பு எடுக்க வரும்போது சொந்தத் தோட்டத்து வாழைப்பழச் சீப்போடு வருவார். பழத்தைக் கருவி பக்கத்தில் வைத்து, "வாழைப்பழத்துலயும் கதிரு உண்டு, பாத்துக்கிடுங்க" என்று காட்டிவிட்டு எங்களுக்கே உரித்துக் கொடுப்பார்.

"பயப்படாதம்மா. கையை நீட்டு" என்று சின்னக் கருவியை என் உள்ளங்கையில் காட்டினார். டிக், டிக் என்றது. முகத்தருகே இன்னும் கொஞ்சம். பைக்கு அருகே கொண்டுபோனதும் அது மூச்சு விடாமல் கத்த ஆரம்பித்தது. அண்ணாச்சி கையுறை மாட்டிக்கொண்டு பைக்குள்ளிருந்து ஈரிழைத் துண்டை எடுத்தார்.

"இது யாருதும்மா?"

"எங்க வாப்பாது."

துண்டை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனார். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நானும் கூடப் போனேன். அங்கிருக்கும் கருவி, கதிர் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடும். திரையில் ஒரு கோடு ஓடி, ஓரிடத்தில் குன்று மாதிரி எழும்பியது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அயோடின்" என்றார்.

கதிர்வீசும் அயோடின் அணு உலை எரிபொருளுக்குள் உண்டாவது என்று போன மாதம்தான் படித்திருந்தேன். அப்படியானால் வாப்பா சொன்னது நிஜமா? நான்தான் இங்கிருந்து கொண்டுபோய் வீட்டில் சேர்த்தேனா? யா அல்லா, அவர் தோளில் கிடக்கிற துண்டிலா?

"அண்ணாச்சி, நான் இங்கேருந்துதான் கொண்டுபோயிட்டேனா?" கேட்கும்போதே குரல் உடைந்தது.

"பைய, பைய. ஆபரேட்டராகப் போறவ இப்படியா பதறுவ?" என்றார். "சனிக்கிழமை நீ வெளிய போனப்ப மிஷின் பச்சை காட்டிருக்கு. நீ இன்னும் உலைக் கட்டடத்துக்குள்ளயே கால் வைக்கல. இது இங்கேருந்து போனது இல்லம்மா, ஒங்க வீட்டுலேருந்து வந்தது." பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒங்க வாப்பாவுக்குத் தைராய்டு தொந்தரவு எதுவும் உண்டா?"

"இல்லையே" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒரு குழாயின் பின்னால் நடக்கிற மாதிரி மனசு தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டது. என் பையில் துண்டு. துண்டில் வாப்பாவின் வியர்வை. வியர்வையிலிருந்து கழுத்து. மெலிந்த தோள், நடுங்குகிற விரல், காரணமில்லாத கோபம். அதற்கும் பின்னால் மதுரை. அங்கே அவர் எடுக்கப்போனது சரக்கு இல்லை.

"தைராய்டு ரொம்ப வேலை பாத்தா மனுசன இப்படித்தான் உருக்கிரும்" என்றார் அண்ணாச்சி. "இந்த அயோடின ஒரு மாத்திரையாக் குடுப்பாங்க. அது நேரா கழுத்துல போய் உக்காந்து அந்தச் சுரப்பிய அடக்கும். நாம இங்கன வெளிய விடாம அடைச்சு வைக்கிற அதே சரக்குதான், அங்கன மருந்து. நல்ல வைத்தியம்மா, பயப்பட ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாளைக்குத் தனித் தட்டுல சாப்பிடணும், தனியாப் படுக்கணும், வீட்டாளுகள பக்கத்துல சேக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி அனுப்புவாங்க."

தனித் தட்டு. மாடி அறை. ஆட்டோ.

என் கழுத்தையும் அளந்து பார்த்தார்கள். பொருட்படுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். துண்டை ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதிப் பாதியாகக் குறையும், ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு வாங்கிக்கொள் என்றார் அண்ணாச்சி. வாசலுக்கு வெளியே ஓடி வந்து, அங்கே ஒப்படைத்திருந்த என் போனை வாங்கி வாப்பாவைக் கூப்பிட்டேன்.

"வாப்பா, மதுரையில என்னத்த முழுங்கினிய?"

"மிஷின் அடிச்சிட்டா?" என்று கேட்டார்.

"அடிச்சிட்டு."

"வேலை போயிட்டா புள்ள?"

"போகல. என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அல்ஹம்துலில்லா." அவர் மூச்சு விடுவது கேட்டது. "நேத்து துண்டப் பையில திணிச்சியா, ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. காலையில கேட்டு வாங்கலாம்னு எறங்கினா நீ போயிட்ட. ஒன் மேல மணி அடிச்சா ஒன்ன வெளிய அனுப்பிருவாங்களோன்னு..."

"எங்கிட்ட ஏன் வாப்பா சொல்லல? நான் அங்கனதான வேலை பாக்கேன்! எனக்குப் புரியாதா?" அழுதுகொண்டே கத்தினேன். வாசல் காவலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சீக்குன்னு சொன்னா நீ எட்டியா நிப்ப? மாத்திரைய எங்க வச்சிருந்தாங்க, எப்படிக் குடுத்தாங்க, கழுத்தக் காட்டுங்கன்னு மேலயே வந்து விழுவ. ஒனக்குக் கோவம் வந்தாத்தான் எட்டிப் போவ. எனக்கு வேற வழி தெரியல."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, டாக்டர் சொன்ன கெடு இன்னும் முடியாததால், வாப்பா மாடிப்படியோரம். நான் வாசல் பக்கம். நடுவில் கூடம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அங்கிருந்தபடியே கேள்விகளை அடுக்கினேன். மாத்திரையை எதில் வைத்திருந்தார்கள்? "ஈயத்துல ஒரு குட்டிச் செம்பு. தூக்கவே முடியல, கையில அப்படி ஒரு கனம். உள்ள பாத்தா இத்தினிக்கூண்டு மாத்திரை!" ருசி? "தண்ணி ருசிதான்." கொடுத்த ஆள் பக்கத்தில் நின்றாரா? "எங்க நின்னாரு! குடுத்துட்டு அந்தால போயிட்டாரு, நம்ம மாமி மாதிரி." வாப்பா வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப நான் ஒங்க மிஷின் முன்னால நின்னா அடிக்குமா?"

"அடிக்கும் வாப்பா. ஊரே கூடிரும்."

"ஆத்தாடி!" என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது போல் பட்டது.

உம்மா எனக்குத் தட்டு கொண்டுவந்து வைத்தாள். நெய்ச்சோற்றின் மேல் ஈரல். ஒன்றிரண்டு துண்டு மட்டும் இல்லை, வீட்டுக்கு வாங்கியது மொத்தமும் என் தட்டில்தான் இருந்தது.

"வாப்பாவுக்கு வைக்கலியா?" என்றேன்.

"அவிய கை படுறதுக்கு முன்னாலயே ஒனக்கு எடுத்து வைக்கச் சொல்லிட்டாவ" என்றாள் உம்மா. "போன ரெண்டு வாரமும் அப்படித்தான் வச்சேன். நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறவள், என் தட்டில் ஈரல் எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. என்னை எட்டி நில் என்று விரட்டிய அன்றைக்கும் அது அவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. கையைத் தட்டில் வைத்தபடி அப்படியே இருந்தேன்.

கூடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "ஈரல் ஆறிப்போகும். தின்னு" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"திருப்பிச் சொல்லு புள்ள" என்றார் வாப்பா.

அவரைப் பார்த்துச் சொன்னேன். "ஈரலத் திங்கேன், வாப்பா."

"சரி" என்றார்.